திட்டு வாங்கின ஜென்டில்மேன் வாளை எடுத்தானா, வக்கீலைத் தேடினானா?

கேள்வி இதுதான்: பழைய ஐரோப்பாவுல ஒரு ஜென்டில்மேனை யாராவது அவமானப்படுத்திட்டா டூயல், அதாவது சவால் விட்டு ஒத்தைக்கு ஒத்தை ஆயுதச் சண்டை, போட்டு வெட்டிக்கிட்டாங்கன்னு தான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா சில இடத்துல மானநஷ்ட வழக்கு போட்டதாவும் வருது, ரெண்டுல எது உண்மை, கோர்ட்டுக்கு போனவனை கோழைன்னு ஊர் சிரிக்காதா, அப்புறம் சொன்னது உண்மையா இருந்தா தப்பிச்சிடலாமா.

சுருக்கமா சொன்னா ரெண்டுமே உண்மை, ஆனா வாளை விட வக்கீலைத் தேடினவங்க தான் ரொம்ப ரொம்ப அதிகம். நான் இங்க இங்கிலாந்தை, அதுவும் ஏறத்தாழ 1600ல இருந்து 1641 வரைக்கும் உள்ள காலத்தை எடுத்துக்கிறேன், ஏன்னா ஜென்டில்மேனோட மானத்துக்குன்னே தனியா ஒரு கோர்ட் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஓடினது அங்க தான், அந்த கோர்ட் எப்படி வந்துச்சு எப்படி மூடுச்சுன்னு பார்த்தாலே உங்க கேள்விக்கு பாதி பதில் கிடைச்சிடும்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சிக்கணும். அப்போ ஜென்டில்மேன்னா பரம்பரையா குலச்சின்னம் வெச்சிருந்த மேல்தட்டு ஆளு, அவனுக்கு அவன் வாக்கு தான் சொத்து. கடன் வாங்குறது, பொண்ணு குடுக்கிறது எடுக்கிறது, ஊர்ல மாஜிஸ்திரேட்டா உட்கார்றது எல்லாமே "இவன் சொன்னா சொன்னது தான்"ங்கிற நம்பிக்கை மேல நிக்குது. அதனால "நீ பொய் சொல்ற"ன்னு நேருக்கு நேர் சொல்றது தான் எல்லா திட்டையும் விட பெரிய திட்டு, அம்மா அப்பாவை இழுத்து பேசுறதை விட பெருசு. இந்த கணக்கு இத்தாலியில இருந்து வந்தது, 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய டூயல் கையேடுகள்ல இதை பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்காங்க, வின்சென்டியோ சவியோலோ மாதிரி இத்தாலிய வாள் வாத்தியார்கள் லண்டனுக்கே வந்து சொல்லிக்குடுத்தாங்க. எப்படின்னா, நான் உங்களை "நீ லஞ்சம் வாங்கினவன்"னு சொல்றேன்னு வைங்க, நீங்க "அது பொய்"னு சொல்லிட்டா போதும், பந்து என் பக்கம் வந்துடுச்சு, இப்போ சவால் விட வேண்டியது நான், விடலைன்னா நான் பொய்யன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆனா சவால் விட்டவனுக்கு ஆயுதத்தை தேர்ந்தெடுக்கிற உரிமை கிடையாது, அது எதிராளிக்கு. அதனால எப்படியாவது எதிராளி வாயால சவால் வரவைக்கணும்னு சும்மா ஒரு வாக்குவாதத்துல கூட வார்த்தையை எண்ணி எண்ணி பேசினாங்க.

இதுக்கு என்ன விலைன்னு 1613ல நடந்த ஒரு டூயலைப் பார்த்தா தெரியும். எட்வர்ட் புரூஸ், கின்லாஸ் பிரபு, ஸ்காட்லாந்துக்காரர். எதிர்ல எட்வர்ட் சாக்வில், பின்னாடி டோர்செட் ஏர்ல் ஆனவர், ஏர்ல்ங்கிறது ஒரு பெரிய பிரபு பட்டம். ராஜா ஜேம்ஸ் கண்ணுக்கு படாம இருக்கணும்னு கடல் தாண்டி போய் நெதர்லாந்துல பெர்கன் ஒப் ஜூம் பக்கத்துல மோதினாங்க. புரூஸ் செத்துட்டாரு. அவரோட இதயத்தை மட்டும் ஒரு வெள்ளிப் பேழையில வெச்சு ஸ்காட்லாந்துல கல்ராஸ் ஊர் தேவாலயத்துல புதைச்சாங்க, ஏறத்தாழ இருநூறு வருஷம் கழிச்சு 1808ல அது கிடைச்சுது. ஜேம்ஸுக்கு இந்த மாதிரி சாவுகள் பெரிய தலைவலி. தன் பிரபுக்கள் சாகுறாங்கங்கிறது ஒரு பக்கம், நியாயம் வழங்குறது என் வேலை, நீங்களா வாளால தீர்த்துக்கிட்டா நான் எதுக்கு ராஜாங்கிறது இன்னொரு பக்கம். 1614ல டூயலுக்கு எதிரா அரசாணை வந்துச்சு. அதே வருஷம் அட்டர்னி ஜெனரலா இருந்த ஃபிரான்சிஸ் பேக்கன், பிரீஸ்ட், ரைட்னு ரெண்டு சாதாரண ஆளுங்களை, ஒருத்தர் சவால் கடிதம் எழுதினவர் இன்னொருத்தர் அதை கொண்டு போனவர், ஸ்டார் சேம்பர் கோர்ட்டுல நிறுத்தி, நாவிதரும் கசாப்புக்காரரும் டூயல் பண்ற அளவுக்கு இது இறங்கி வந்துட்டா பெரிய குடும்பத்து ஆளுங்க தானா இந்த பழக்கத்தை விட்டுடுவாங்கன்னு வாதாடினாரு.

சரி, டூயல் கூடாதுன்னு தடுத்தாச்சு, அப்போ திட்டு வாங்கினவன் எங்க போவான்? இங்க தான் சிக்கல். சட்டத்துல கதவு இல்லாம இல்ல, மூணு கதவு இருந்துச்சு, மூணுலயும் ஒரு ஜென்டில்மேனுக்கு வேண்டியது கிடைக்கல.

முதல் கதவு சாதாரண சிவில் கோர்ட், காமன் லா கோர்ட். 16ஆம் நூற்றாண்டு கடைசியில அவதூறு வழக்கு அங்க வெள்ளமா வந்து குவிஞ்சுது. ஜட்ஜுங்க மிரண்டு போய், ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா லேசான அர்த்தத்தை தான் எடுத்துக்குவோம்னு ஒரு விதியை பிடிச்சிக்கிட்டாங்க. அதை எந்த எல்லை வரைக்கும் இழுத்தாங்கன்னு பாருங்க. பர்மிங்ஹாம் பக்கம் ஆஸ்டன்ல சர் தாமஸ் ஹோல்ட்னு ஒரு பெரிய மனுஷன், ஆஸ்டன் ஹால்னு இன்னைக்கும் நிக்கிற மாளிகையை கட்டினவர். ஒருத்தன் ஊர்ல சொல்லிட்டான், சர் தாமஸ் தன் சமையல்காரன் தலையில வெட்டுக்கத்தியால ஒரே போடு போட்டாரு, தலை ரெண்டா பிளந்து பாதி இந்த தோள்லயும் பாதி அந்த தோள்லயும் விழுந்துச்சுன்னு. அவர் கேஸ் போட்டாரு. 1607 வாக்கில கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா, தலை பிளந்ததுன்னு தான சொல்லியிருக்கான், சமையல்காரன் செத்துட்டான்னு சொல்லலையே, அதனால கொலைப்பழி சுமத்தினதா ஆகாது, வழக்கு நிக்காதுன்னு. இது சட்டப் புத்தகத்துல பதிவான தீர்ப்பு, கட்டுக்கதை இல்ல. இதே மாதிரி நிலத்துல நிக்கிற என் மரத்தை திருடின திருடன்னு சொன்னா அவதூறு இல்ல, ஏன்னா நிக்கிற மரம் நிலத்தோட சேர்ந்தது, அதை வெட்டினா அத்துமீறல் தான், திருட்டுக் குற்றம் ஆகாது. பொய் சத்தியம் பண்ணினவன்னு பொதுவா சொன்னா கேஸ் இல்ல, கோர்ட்டுல பொய் சத்தியம் பண்ணினான்னு சொன்னா தான் கேஸ்.

அங்க கேஸ் நிக்கணும்னா சொன்ன வார்த்தை ஒரு தண்டனைக்குரிய குற்றத்தை சுமத்தணும், இல்ல தொழிலை கெடுக்கணும், இல்ல மேகநோய் மாதிரி ஒரு நோய் இருக்குன்னு சொல்லணும், இல்ல ரொக்கமா இவ்வளவு நஷ்டம் ஆச்சுன்னு காட்டணும். வெறுமனே ஈனப்பய, அயோக்கியன், நீ ஜென்டில்மேனே கிடையாதுன்னு சொன்னா? ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு வியாபாரியை திவாலானவன்னு சொன்னா நஷ்டஈடு உண்டு, ஒரு ஜென்டில்மேனை முகத்துக்கு நேரா பொய்யன்னு சொன்னா காலணா கிடையாது. போதாக்குறைக்கு 1624ல ஒரு சட்டம், வாய்வார்த்தை அவதூறுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், ஜூரி குடுக்கிற நஷ்டஈடு 40 ஷில்லிங்குக்கு கீழ போனா கோர்ட் செலவும் அந்த தொகைக்கு மேல கேட்க முடியாதுன்னு.

ரெண்டாவது கதவு சர்ச் கோர்ட். அங்க பெரும்பாலும் நடத்தையைப் பத்தின ஏச்சு தான் வழக்கு, வாதிகள்ல பெண்கள் நிறைய, சந்தையில தெருமுனையில கிணத்தடியில நடந்த சண்டைகள். அங்க காசு நஷ்டஈடு கிடையாது, திட்டினவங்க பாதிரியார் முன்னாடி, சில சமயம் சர்ச்சுக்கு வந்த கூட்டத்துக்கு முன்னாடியே மன்னிப்பு கேட்கணும். ஒரு சாதாரண பொண்ணுக்கு தன் பேரை தெருவுல மீட்டெடுக்க இது ரொம்ப பெரிய விஷயம், இந்த வழக்குகளை நான் குறைச்சு பேச மாட்டேன், ஆனா நிலம் நீச்சு வெச்சிருந்த ஆளுங்க தங்களோட தகராறை அங்க கொண்டு போக விரும்பல.

மூணாவது ஸ்டார் சேம்பர், ராஜாவோட ஆலோசகர்களும் பெரிய ஜட்ஜுங்களும் உட்கார்ற கோர்ட். எழுதி ஒட்டின அவதூறு, கேலிப்பாட்டு, சவால் கடிதம் எல்லாம் அங்க போகும். முந்தின வருஷம் செத்துப்போன ஆர்ச்பிஷப் விட்கிஃப்டை கிண்டல் பண்ணி எழுதின ஒரு பாட்டு சம்பந்தமா 1605ல லூயிஸ் பிக்கரிங்னு ஒருத்தரை விசாரிச்சப்ப தான், எழுதினது உண்மையா பொய்யாங்கிறது கேள்வியே இல்லன்னு அந்த கோர்ட் அடிச்சு சொல்லுச்சு. அவதூறு எழுதினா எழுதப்பட்டவனோ அவன் சொந்தக்காரனோ பழிவாங்க கிளம்புவான், ரத்தம் சிந்தும், ஊர் அமைதி கெடும், செத்தவனைப் பத்தி எழுதினாலும் அவன் குடும்பம் கொதிக்கும், உண்மையா இருந்தா இன்னும் அதிகமா கொதிக்கும், அதனால உண்மைங்கிறது தப்பிக்க வழியே இல்ல. உங்க கடைசி கேள்விக்கு அந்த காலத்து பதில் இதுதான், குற்ற வழக்குன்னு வந்துட்டா உண்மை காப்பாத்தாது. காமன் லா கோர்ட்டுல மட்டும், நஷ்டஈடு கேட்குற வழக்குல, நான் சொன்னது உண்மைன்னு நிரூபிச்சா தப்பிச்சிடலாம்.

ஸ்டார் சேம்பர் தண்டனை எவ்வளவு கடுமைன்னா, சர் ரிச்சர்ட் கிரென்வில்னு ஒரு சிப்பாய், சஃபோக் ஏர்லை ஈனத்தனமான பிரபுன்னு சொல்லிட்டாருங்கிறதுக்காக 1632ல ராஜாவுக்கு 4,000 பவுண்டு அபராதம், ஏர்லுக்கு இன்னொரு 4,000 பவுண்டு நஷ்டஈடு, கட்டுற வரைக்கும் ஃப்ளீட் ஜெயில். ரெண்டே ரெண்டு வார்த்தைக்கு. மனுஷன் அடுத்த வருஷம் ஜெயில்ல இருந்து தப்பிச்சு நாட்டை விட்டே ஓடிட்டாரு.

ஆனா எல்லாரும் ஏர்ல் இல்ல. நடுத்தர ஜென்டில்மேன், கிராமத்துல நிலம் வெச்சிருக்கிற ஆளு, சத்திரத்துல ஒருத்தன் ஈனப்பயலேன்னு சொல்லிட்டான், இவன் எங்க போவான்? அவனுக்காகத் தான் கோர்ட் ஆஃப் ஷிவல்ரியை தூசி தட்டி எடுத்தாங்க. அது ரொம்ப பழைய கோர்ட், போர்க்களத்து தகராறும் குலச்சின்ன தகராறும் தீர்க்கிறதுக்குன்னு இருந்தது. 1380கள்ல ஸ்க்ரோப், குரோவ்னர்னு ரெண்டு குடும்பம் ஒரே கேடயச் சின்னத்துக்கு அடிச்சிக்கிட்ட வழக்கு அங்க தான் நடந்துச்சு, கவிஞர் சாசர் கூட அதுல சாட்சி சொன்னாரு. கான்ஸ்டபிள், மார்ஷல்னு ரெண்டு பெரிய பதவிக்காரங்க சேர்ந்து நடத்தணும், ஆனா 1521ல பக்கிங்ஹாம் டியூக்கை வெட்டினதுக்கு அப்புறம் கான்ஸ்டபிள் பதவிக்கு நிரந்தரமா யாரையும் போடல. 1622ல ஜேம்ஸ், ஏர்ல் மார்ஷல் தனியாவே நடத்தலாம்னு எழுதிக் குடுத்தாரு. ஏர்ல் மார்ஷல் யாருன்னா தாமஸ் ஹோவர்ட், அருண்டெல் ஏர்ல், ஓவியமும் பழைய கிரேக்க சிலையும் சேர்த்தவர்னு பேர் வாங்கினவர், குலம் கோத்திரம் விஷயத்துல ரொம்ப கறாரான ஆளு. 1634ல இருந்து வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில பெயின்டட் சேம்பர்ங்கிற மண்டபத்துல கோர்ட் ஒழுங்கா உட்கார ஆரம்பிச்சுது. 1640 கடைசிக்குள்ள 700க்கு மேல வழக்கு. அதுல பெரும்பாலானது திட்டு வழக்கு தான்.

அங்க கேஸ் எப்படி நடக்கும்னு கொஞ்சம் கிட்ட போய் பார்க்கலாம். ஜூரி கிடையாது, ரோமன் சட்டம் படிச்ச வக்கீலுங்க, எல்லாம் எழுத்துல. வாதி ரெண்டு விஷயம் நிரூபிக்கணும். ஒண்ணு, நான் ஜென்டில்மேன், என் தாத்தா காலத்துல இருந்து குலச்சின்னம் வெச்சிருக்கோம். இதுக்கு ஹெரால்டுகள், அதாவது வம்சாவளி பதிவு வெச்சிருக்கிற அதிகாரிங்க, ஏட்டைப் பார்த்து சொல்லணும். ரெண்டாவது, சொன்ன வார்த்தை ஒரு ஜென்டில்மேனை டூயலுக்கு தூண்டுற மாதிரியான வார்த்தை. சாட்சிகள் லண்டன் வரைக்கும் வர வேண்டாம், அந்தந்த ஊர் பக்கத்துல ஒரு சத்திரத்துல கமிஷன் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிக்குவாங்க. நீ வாதிக்கு சொந்தமா, வேலைக்காரனா, உன் சொத்து எவ்வளவு, அன்னைக்கு யார் முதல்ல வாயைத் திறந்தது, திட்டும்போது யார் யார் பக்கத்துல இருந்தாங்க. அந்த வாக்குமூலங்கள்ல 1630கள் இங்கிலாந்து கிராமத்து வாய் அப்படியே கேட்கும். ஈனப்பய, பொய்யன், உன் பல்லுல பீ, உன்னை ஒரு குசுவுக்கு கூட மதிக்க மாட்டேன், உன்னை விட நான் நல்ல மனுஷன், இப்படி. தாடியைப் பிடிச்சு இழுத்தது, மூக்கைத் திருகினது, கன்னத்துல அறைஞ்சது எல்லாம் வரும், ஏன்னா கை வெச்சது எவ்வளவு வலிச்சுதுங்கிறதை விட எத்தனை பேர் பார்த்தாங்கங்கிறது தான் அங்க கணக்கு.

ஜெயிச்சா நஷ்டஈடு, செலவு, ராஜாவுக்கு அபராதம், அதோட மன்னிப்பு. இந்த மன்னிப்பு தான் உயிர்நாடி. கோர்ட்டே எழுதிக் குடுத்த வாசகத்தை, தொப்பியை கழட்டிட்டு, திட்டின ஆளு பொது இடத்துல, வாதி முன்னாடி படிக்கணும். நாலு பேர் முன்னாடி போன மானம் நாலு பேர் முன்னாடி தான் திரும்ப வரணும்ங்கிறது கணக்கு.

கோழைப்பட்டம் கேட்டீங்களே, அதுக்கும் இந்த கோர்ட் ஒரு வழி வெச்சிருந்துச்சு. வாதி, எனக்கு வாள் எடுக்க தைரியம் இல்லாம இல்ல, ராஜா ஆணைக்கு கட்டுப்பட்டு நிக்கிறேன்னு சொல்லிக்கலாம், சவால் விட்டவனையே குற்றவாளியா நிறுத்தலாம். ராஜா பேரைச் சொல்லி ஒதுங்குறதுல அவமானம் இல்லன்னு ஒரு இடம் கிடைச்சுது. சம அந்தஸ்துல இருக்கிற ரெண்டு ஜென்டில்மேன் சண்டையில இது நிஜமாவே வேலை செஞ்சுதுன்னு தான் நான் நினைக்கிறேன், வெட்டிக்கிட்டு சாக வேண்டியவங்க சில பேர் வக்கீல் ஃபீஸோட தப்பிச்சிருக்காங்க.

ஆனா பிரச்சினை வேற இடத்துல. டூயலுக்கு தூண்டுற வார்த்தைன்னு தான் வழக்கே, ஆனா பிரதிவாதிங்கள்ல எத்தனையோ பேர் விவசாயி, கடைக்காரன், தையல்காரன். ஒரு ஜென்டில்மேன் தையல்காரனோட டூயல் போடவே மாட்டான், அது அவனுக்கே கேவலம், பிரம்பால அடிப்பான் அவ்வளவு தான். அப்போ நடக்கவே வாய்ப்பில்லாத ஒரு டூயலைத் தடுக்கிறேன்னு சொல்லி சாமானியனை இழுத்துட்டு வந்தாங்க. அதே தையல்காரனை ஜென்டில்மேன் ஈனப்பயன்னு திட்டினா? அவன் இந்த கோர்ட் படி ஏற முடியாது, ஏன்னா அவனுக்கு குலச்சின்னம் இல்ல. எனக்கு இந்த விஷயத்துல கோபம் வர்ற இடம் இதுதான், மானம்னு ஒண்ணு மேல இருக்கிறவனுக்கு மட்டும் தான் இருக்குன்னு ஒரு கோர்ட்டே கட்டி வெச்சிருந்தாங்க.

1640ல பார்லிமென்ட் கூடினப்ப எட்வர்ட் ஹைட்ங்கிற வக்கீல், பின்னாடி கிளாரண்டன் ஏர்ல் ஆனவர், ராஜாவோட பக்கம் போய் மந்திரியா இருந்தவர், அவரே எந்திரிச்சு இந்த கோர்ட்டை கிழிச்சாரு. அவர் சொன்ன சம்பவங்கள் ரெண்டு. ஒரு தையல்காரருக்கு ஒரு ஜென்டில்மேன் ரொம்ப நாளா துணிக்காசு பாக்கி. கேட்கப் போனவரை ஈனப்பயலேன்னு திட்டி கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினாரு. தையல்காரர் ஆத்திரத்துல நானும் உங்களுக்கு சளைச்ச மனுஷன் இல்லன்னு சொல்லிட்டாரு. அதுக்கு கேஸ். கடைசியில ஆளை விட்டா போதும்னு, வர வேண்டிய கடனை முழுசா விட்டுக்குடுத்து தான் தப்பிச்சாரு. இன்னொண்ணு தேம்ஸ் படகுக்காரர் ஒருத்தர், ஒரு பிரபுவோட ஆளு, கூலி தகராறுல தன் மேல இருந்த பிரபுவோட சின்னத்தைக் காட்டி மிரட்டினாரு. அதுல அன்னப்பறவை. பயணி, நல்ல வசதியான வியாபாரி, உன் வாத்தைத் தூக்கிட்டு போய்யான்னு சொல்லிட்டாரு. அன்னத்தை வாத்துன்னு சொல்லி பிரபுவோட குலச்சின்னத்தை இழிவுபடுத்தினதா வழக்கு, மனுஷன் ஜெயிலுக்கும் போய் சொத்தும் அழிஞ்சு நடுத்தெருவுக்கு வந்தாருன்னு ஹைட் சொல்றாரு. பார்லிமென்ட் பேச்சு, கொஞ்சம் காரம் சேர்ந்திருக்கும் தான், ஆனா மிச்சமிருக்கிற வழக்கு ஏடுகளைப் பார்த்தா தையல்காரர் கதை மாதிரி நிறைய நடந்திருக்கும்னு நம்ப கஷ்டமே இல்ல. அந்த வருஷ கடைசியோட கோர்ட் நின்னு போச்சு. 1641ல ஸ்டார் சேம்பரையும் ஒழிச்சாங்க, சர்ச் கோர்ட்டோட தண்டிக்கிற அதிகாரத்தையும் பிடுங்கினாங்க. சில மாசத்துக்குள்ள ரெண்டு கதவும் இந்த புதுக் கதவும் மூடி, தலை ரெண்டா பிளந்தாலும் செத்தான்னு சொல்லலையேன்னு கேட்கிற காமன் லா கோர்ட் மட்டும் மிச்சம்.

நடுவுல உள்நாட்டுப் போர் வந்து கொஞ்ச வருஷம் ராஜாவே இல்லாம இருந்துட்டு, 1660ல ராஜாட்சி திரும்பி வந்ததுக்கு அப்புறம் பெரிய பிரபுக்கள் மட்டும் 1275லயே போட்ட ஒரு பழைய சட்டத்தை, பிரபுக்களைப் பத்தி வதந்தி பரப்பக்கூடாதுங்கிற சட்டத்தை, கையில எடுத்தாங்க. 1684ல யார்க் டியூக், அதாவது ராஜாவோட தம்பி, கத்தோலிக்க சதின்னு பொய்ப் புகார் கிளப்பின டைட்டஸ் ஓட்ஸ் மேல அதை வெச்சு 1,00,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கினாரு, ஓட்ஸால ஏழு ஜென்மத்துலயும் கட்ட முடியாத தொகை, ஜெயில்ல வெக்கிறது தான் நோக்கம். அந்த சட்டத்தை 1887ல தான் ரத்து பண்ணினாங்க. சாதாரண ஜென்டில்மேன்களோ திரும்ப வாளுக்கும் அப்புறம் துப்பாக்கிக்கும் போயிட்டாங்க, இங்கிலாந்து மண்ணுல டூயல்ல கடைசியா உயிர் போனது 1852ல, அதுவும் ரெண்டு பிரெஞ்சுக்காரங்களுக்குள்ள. கோர்ட் ஆஃப் ஷிவல்ரியை 1687ல திரும்ப தொறந்து பார்த்தாங்க, 1737ல தூங்கப் போச்சு, அப்புறம் 1954ல மான்செஸ்டர் மாநகராட்சி தன் சின்னத்தை ஒரு தியேட்டர் கம்பெனி பயன்படுத்துதுன்னு போட்ட வழக்குக்காக ஒரே ஒரு தடவை உட்கார்ந்துச்சு.

நம்ம பக்கத்து தொடர்பு கேட்டா உண்டு. 1860 இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவு அவதூறை குற்றமாவே வெச்சுது, இப்போ அது புது சட்டத்துல 356ஆம் பிரிவு. சொன்னது உண்மைங்கிறது மட்டும் போதாது, பொது நன்மைக்காக சொன்னதாவும் இருக்கணும். செத்துப்போனவரைப் பத்தி சொன்னாலும், குடும்பத்து மனசை புண்படுத்துற நோக்கம் இருந்தா குற்றம். 1605ல ஸ்டார் சேம்பர்ல ஆர்ச்பிஷப் விட்கிஃப்ட் விஷயத்துல பேசினதோட வாசனை இதுல நல்லாவே அடிக்குது. 2016ல சுப்ரீம் கோர்ட்டும் இந்த பிரிவு செல்லும்னு தான் சொல்லுச்சு. இலங்கையில 2002ல குற்ற அவதூறு சட்டத்தை எடுத்துட்டாங்க, ஆனா நஷ்டஈடு வழக்கு அங்க ரோமன் டச்சு சட்டப்படி, அதுல எதிராளிக்கு அவமானப்படுத்துற எண்ணம் இருந்துச்சாங்கிறது தான் முக்கியமான கேள்வி. கோர்ட் ஆஃப் ஷிவல்ரி வக்கீலுங்க படிச்ச அதே ரோமன் சட்ட மரபோட இன்னொரு கிளை தான் அது.